எதிர்த்து விழுந்த இரண்டு சீட்டுகள்

"என் பொண்ணே என் சட்டைப் பையைக் கவிழ்த்துப் போட்டு ஆராய்ச்சி பண்றா மேடம்! பெத்த அப்பன் நான், பிக்பாக்கெட்டா?"

தையல்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நிற்காத குறைதான். பள்ளி ஹாலில் மற்ற பெற்றோரும் கூடவே கத்த, யார் என்ன சொல்கிறார்கள் என்பதே புரியவில்லை.

"பையில என்ன இருந்துச்சுன்னும் சொல்லுங்க" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

"என்னமோ தூளு."

"சிகரெட் தூளு. விட்டுட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணின மனுஷன் மேடம் இவரு!"

தலைமையாசிரியை வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எல்லாம் வேதியியல் டீச்சரால் வந்த வினை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குத் 'தடய அறிவியலும் குற்றவியல் நீதியும்' என்று ஒரு பாடம் வேண்டும் என மூன்று வருடமாக ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். கைரேகை எடுப்பது, மையைச் சோதிப்பது, சாட்சியை விசாரிப்பது, குற்றம் நிரூபணமாகிற வரை எல்லோரும் நிரபராதி என்பது. நச்சரிப்பு தாங்காமல் நாலே நாலு சனிக்கிழமை சோதனை வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. அந்த நாலு சனிக்கிழமையில் பாதி வீடுகளின் மானம் கப்பலேறிவிட்டது. இன்று வாக்கெடுப்பு. தோற்றால் ஃபைல் பீரோவுக்குள் போகும், பிறகு வெளியே வராது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

கறார் அவருக்குப் பிறவிக் குணம். வராந்தாவில் ஓடக் கூடாது, ஆய்வகத்தில் தின்னக் கூடாது, கணவனும் மனைவியும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கக் கூடாது, மணி அடிக்குமுன் பையை மூடக் கூடாது என்று பள்ளியின் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "எனக்குச் சர்க்கரை வியாதி. ஜாம் பாட்டில் மூடியில இருந்து என் கட்டைவிரல் ரேகையை எடுத்து என் பையன் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கான் மேடம், 'சந்தேக நபர் எண் ஒன்று'ன்னு!"

"எண் ரெண்டு யாரு சார்?" என்று கடைசி வரிசையிலிருந்து பி.டி. மாஸ்டர் கேட்டார்.

"என் மாமியாரு."

ஹால் குலுங்கியது. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எங்க வீட்டுல சாப்பாட்டு மேஜையில குறுக்கு விசாரணை நடக்குது. 'ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லும்மா'ங்கறா என் பொண்ணு. செருப்பு வாங்கினது ஒரு குத்தமா?"

"எத்தனை ஜோடி?" என்றார் அவள் கணவர்.

"ஆமா, இல்லைன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

வேதியியல் டீச்சர் காகிதங்களோடு எழுந்தாள். "வீட்டுக்குள்ள ஒளிவுமறைவு இல்லைன்னா இந்தப் பாடத்தைப் பார்த்து ஏன் பயப்படணும்?"

"குடும்பம் நடத்திப் பார்த்திருந்தா தெரியும்!" தையல்கடைக்காரர் எகிறினார். "என் வீட்டு மாடியில தனியாக் குடியிருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? கல்யாணமே ஆகலை, பேச வந்துட்டாங்க!"

டீச்சரின் முகம் சிவந்தது. தையல்கடைக்காரரின் மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள்.

"டீச்சர் சொல்றது நூத்துக்கு நூறு சரி!" என்று பி.டி. மாஸ்டர் கைதட்டினார். ஆரம்பத்திலிருந்தே அவர்தான் பாடத்துக்குப் பெரிய ஆதரவு.

அவர் பின்னால் போய் நின்றாள் தையல்கடைக்காரரின் பெண். பத்தாம் வகுப்பு, சோதனை வகுப்புக்குப் பிறகு அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் விழுந்துவிட்டது. இடுக்கியால் மாஸ்டரின் காலரிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு முழ நீளத்துக்குத் தலைமுடி. மாஸ்டரோ ஒட்ட வெட்டிய தலை. முடியை உறையில் போட்டு, மேலே தேதியும் நேரமும் எழுதினாள்.

"அடுத்த பாடம் முடிதான மிஸ்?"

டீச்சர் கையிலிருந்த காகிதங்களில் இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம், தையல்கடைக்காரரின் பேச்சு தைத்துவிட்டது என்று தலைமையாசிரியை நினைத்துக்கொண்டார்.

பெற்றோர், ஆசிரியர் எல்லோருக்கும் ஆளுக்கொரு சீட்டு. பெயர் எழுத வேண்டாம். எண்ணி முடித்த தலைமையாசிரியை நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். வேண்டும் முப்பத்தெட்டு. வேண்டாம் இரண்டே இரண்டு!

வாயால் எதிர்த்தவர்கள் எல்லோரும் சீட்டில் ஆதரித்திருந்தார்கள். தான் அகப்பட்டாலும் பரவாயில்லை, பக்கத்து நாற்காலி அகப்படாமல் தப்பக் கூடாது என்கிற நல்லெண்ணம்தான்.

"யாரு மேடம் அந்த ரெண்டு பேரு?" என்று தையல்கடைக்காரரே கோபமாகக் கேட்டார்.

"அதுதான் முதல் கேஸ்" என்று இரண்டு சீட்டையும் பூதக்கண்ணாடியிடம் கொடுத்தார் தலைமையாசிரியை.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது. கையெழுத்து இரண்டு, பேனா ஒன்று. பச்சை மை. பள்ளியில் பச்சை மையில் எழுதுகிறவர் வேதியியல் டீச்சர் ஒருவர்தான். இணைப்பு: முடி, ஒன்று.

டீச்சரையும் பி.டி. மாஸ்டரையும் தலைமையாசிரியை அறைக்கு அழைத்தார். "மூணு வருஷமா என் உயிரை வாங்கிட்டு, நீயே 'வேண்டாம்'னு போட்டிருக்க. இவருக்குப் பேனா வேற இரவல்!"

டீச்சர் தலையைக் குனிந்தாள். "பாடம் வேணும் மேடம். அந்த உறையைப் பார்த்ததும்தான் பயந்துட்டேன்."

மாஸ்டர் கழுத்து விசிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி, விருப்பம்னா சட்டுனு கல்யாணத்தை முடிங்க. ஒருத்தர் வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கணும். விதி விதிதான்."

இருவரும் அளவுக்கு மீறிப் பணிவாகத் தலையாட்டினார்கள்.

அடுத்த மாதமே மாஸ்டர் பாலத்துக்கு அப்பால் உள்ள ஆண்கள் பள்ளிக்கு மாறிப் போனார். டீச்சர் மாடியைக் காலி செய்துவிட்டு அவரோடு அந்தப் பக்கமே குடிபோனாள். பாடம் இங்கே அமர்க்களமாக நடக்கிறது.

"டீச்சர் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் நான், எனக்கே கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை மேடம்!" என்று தையல்கடைக்காரர் ஒரு நாள் வந்து பொருமினார்.

தலைமையாசிரியை பூதக்கண்ணாடியின் இரண்டாவது அறிக்கையை அவர் பக்கம் மெல்லத் தள்ளினார். அதில் இருந்தது பதிவு அலுவலக நகல்: கல்யாணம் நடந்து இரண்டு வருடம் நான்கு மாதம், சாட்சிக் கையெழுத்து, தையல்கடைக்காரரின் மனைவி.