தகரப் பணம்

கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து மழை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரையில் ஓயாமல் கொட்டுகிறது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சடையாண்டி அடுப்பருகே குந்தியிருக்கிறார். லயத்துக்குக் கூரை மாற்ற அரசாங்கம் தரவந்த பணத்தைக் காலையில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. இப்போது அதே லயத்து ராக்காயி நிற்கிறாள், தலைக் கம்பளியில் நீர் சொட்டச் சொட்ட. "புள்ளைக படுக்க எடமில்லீங்க தலைவரே. வாங்குனா என்னங்க?" "கவர்மெண்டு ஒருவாட்டி போடும். அப்பறம் ஒழுகுனா, தொரை 'எனக்கென்ன'ன்னு கைய விரிச்சிருவாரு. கூரை போடுறது தோட்டத்துப் பொறுப்பு ராக்காயி. போராடித்தான் வாங்கணும்." அவள் அண்ணாந்து பார்க்கிறாள். போன மாரியில் தலைவர் வீட்டுக்கு மட்டும் தோட்ட நிர்வாகியான துரை போட்டுக்கொடுத்த புதுத்தகரம், அடுப்பு வெளிச்சத்தில் மினுங்குகிறது. உள்ளங்கையை அதன் கீழே நீட்டுகிறாள். வெகுநேரம் நீட்டியபடியே நிற்கிறாள். ஒரு சொட்டும் விழவில்லை. "வர்றேங்க" என்கிறாள். சடையாண்டி அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.