மங்கலாக ஓடிய பிறந்தநாள்

ஒரு மேசையில் ஒரு லேப்டாப்பும் அதனோடு கேபிளில் இணைந்த பெரிய மானிட்டரும் இருந்தன. மனைவி பிலோமி வயிற்று நோயில் இறந்து சில வாரங்கள் கழித்து, மகளின் பிறந்தநாள் வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தான் அருளப்பன். படம் மங்கலாக ஓடியது.

"ஏன் இப்படி மங்கலாக அனுப்புகிறாய்? அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று மானிட்டர் கேட்டது.

"முழுத் தரத்தில் ஓட்டினால் நான் திணறுவேன் என்று அவர்தான் குறைத்து வைத்தார்," என்றது லேப்டாப். "அப்படியே இருக்கட்டும். முழுப் படத்தையும் நான் பார்த்துவிட்டேன்."

ஆனால் அருளப்பன் தரத்தைக் கூட்டினான். மானிட்டரில் படம் பளிச்சென்று தெளிந்தது. மானிட்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

கேக் வெட்டும் மகளுக்குப் பின்னால் பிலோமி சிரித்துக்கொண்டே கைதட்டினாள். மகள் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி கேக் பக்கம் திரும்பியதும், பிலோமி சுவரைப் பிடித்து, வயிற்றை அழுத்தியபடி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே வலிச்சுதா, பிலோமி?" அருளப்பனின் குரல் உடைந்தது. "கேமராவோட நான் எதிர்லதானே நின்னேன்."

மானிட்டர் தன் வெளிச்சத்தைக் குறைக்கப் பார்த்தது. முடியவில்லை. "இப்போது என்ன செய்வது?" என்று லேப்டாப்பைக் கேட்டது.

அருளப்பன் அந்த இடத்தையே மறுபடி ஓட்டினான். இரண்டும் சேர்ந்து அதை அவனுக்குக் காட்டின.