தாளில் இரண்டு ஊதாத் தீற்றல்

"கையைக் காட்டுங்க பாய்."

சேக் தாவூது இரண்டு கைகளையும் நீட்டினார். பத்து விரல் நுனியும் ஊதா. பரமசிவம் அளவுகோலை வைத்து அவருடைய கட்டைவிரலை அளந்து நோட்டில் குறித்தார்.

"இது மருந்து தெளிச்சு வந்த கறை சார். தாளை நான் இடுக்கி இல்லாமத் தொட்டதே இல்ல. வீட்ல ருக்கையா என் கையால சோறு வாங்க மாட்டேங்குறா."

பரமசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டைவிரல் அளவும் தாளிலிருந்த தீற்றலோடு பொருந்தவில்லை.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த சோயா சாஸ் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இருவர்தான். சாஸை ஒரு சொட்டு தாளில் வைத்து, தாளைத் திரவத்தில் நிறுத்தினால் அதிலுள்ள அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்துக்கு ஏறும். நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். வெறும் தோல் பட்ட இடத்திலும், வியர்வையிலுள்ள அமிலத்தால், அதே ஊதா வரும்.

போன மாதம் லண்டனிலிருந்து உயர்ந்த ரகத் தாள் வந்தது. அதைப் பூட்டி வைத்து, பரமசிவமே எடுத்துக் கொடுத்தார். அன்று பிடித்த சனி. எந்தத் தாளிலும் நடுவில் இரண்டு ஊதாத் தீற்றல். வெறும் தண்ணீர் வைத்தாலும் வந்தது.

மூன்று மணிக்கு மேலாளர் வருகிறார். தாள் முறை சரிப்படாது என்றால் கண்ணாடிக் குழாய் முறைக்கு லண்டனுக்குத் தந்தி போகும். பிசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியே சாஸைச் சொட்டச் சொட்ட இறக்கும் கருவி அது. தாளும் வேண்டாம், இரண்டாவது ஆளும் வேண்டாம்.

"குழாயே வரட்டும் பாய். பேப்பர் கம்பெனிக்கு ஏழு லெட்டர் போட்டாச்சு. என்னால முடியல."

"குழாய் வந்தா நான் போத்தல் கழுவப் போகணும்லா சார். எனக்காக ஒரே ஒரு தாள். சாஸ் வேணாம், தண்ணி வேணாம், மருந்து மட்டும் அடிங்க. நான் கிட்டவே வரல."

தாவூது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சன்னலோரம் போய் நின்றார்.

பரமசிவம் கையுறை மாட்டினார். அலமாரியைத் திறந்து, இடுக்கியால் ஒரு தாளை உருவி, பள்ளிக்கூட நாள் முதல் வந்த வழக்கப்படி கண்களில் ஒற்றிக்கொண்டு, கம்பியில் தொங்கவிட்டார். மருந்தைத் தெளித்தார். சூட்டுப்பெட்டியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் நின்றார்.

வெளியே எடுத்தபோது, நடுவில் அதே இரண்டு தீற்றல்.

"பாத்தீங்களா? நீங்க தொடல, நானும் கையுறை போட்டிருக்கேன். தாளே கெட்ட தாள். லண்டன்காரன் என் தலையில கட்டிட்டான்."

"சார், கொஞ்சம் பொறுங்க..."

"பொறுத்தது போதும் பாய். உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா தந்தி போய்த்தான் ஆகணும்."

கையுறையைக் கழற்றி எறிந்தார். மேசை இழுப்பறையிலிருந்து புதுத் தந்திப் படிவம் ஒன்றை எடுத்தார். கண்களில் ஒற்றிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

தாவூது அந்தப் படிவத்தையே பார்த்தார். பிறகு மேசையிலிருந்த அளவுகோலை எடுத்து, தாளிலிருந்த தீற்றல்களுக்கு நடுவே வைத்தார். சரியாக இரண்டரை அங்குலம்.

அளவுகோலோடு அவர் பரமசிவத்தின் முன்னால் வந்து நின்றார்.

"கண்ணைக் காட்டுங்க சார்."