உங்க வீட்டுக்கு மட்டும்

கடைசிப் பரிசோதனைக்கு ரத்தம் தர நீட்டிய பெரியவரின் கையில் ரப்பர் பட்டை இறுகியிருக்கிறது. நரம்பு புடைத்து நிற்கிறது. அவர் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தின்னும் நோய்க்கு, அந்தக் குடும்பம் மனமுவந்து கொடுத்த ரத்தத்திலிருந்துதான் மருந்து பிறந்திருக்கிறது. அதன் உரிமை முழுவதையும் ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்போவதாக ஆராய்ச்சி இயக்குநர் இப்போதுதான் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. "விலை கூடும்தான். கவலைப்படாதீங்க ஐயா, உங்க வீட்டுக்கு மட்டும் இலவசம்," என்கிறார் இயக்குநர். பெரியவரின் தாடை துடிக்கிறது. "பிச்சை போடுறீங்களா? இதே நோயோட வெளியே பெஞ்சில உக்காந்திருக்கிறவங்க வீட்டுல உயிர் என்ன மலிவா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி மகள், "அப்பா, எனக்கு..." என்று தொடங்கி நிறுத்துகிறாள். "எந்தக் கம்பெனியும் தயாரிக்கலாம்னு எழுதிட்டு வாங்க. அப்புறம் ஊசியைத் தொடுங்க." பெரியவர் பட்டையைத் தானே அவிழ்த்து மேசையில் அறைகிறார். மகளின் விரல்கள் நோயால் மடியில் நடுங்குகின்றன. அவற்றை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இயக்குநரையே முறைக்கிறார்.