காட்டேரியின் நோன்பு

அலெக்சாந்திரியாவின் பழைய மாளிகை ஒன்றின் மாடிப்படியில், கறுப்பு வெல்வெட் அங்கியோடு நெர்மீன் சாய்ந்திருக்கிறாள். ஒட்டவைத்த கோரைப்பற்கள் அவள் உதடுகளைச் சேரவிடவில்லை. வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியே வரும் கடைசி வெயில் கழுத்தில் சிவப்பாக விழுந்து மெல்ல மேலேறுகிறது. அது பல்லைத் தொடுவதற்காகக் கேமராவோடு காத்திருக்கிறாள் ஷெரீஹான். காஸ்ப்ளே மாறுவேடப் போட்டிக்குப் படம் அனுப்ப இன்றே கடைசி நாள். கன்னத்தில் வழியும் ரத்தம், இஃப்தாருக்குக் காய்ச்சிய செம்பருத்திப் பாகு. ரமலானில் அதை வாயருகே பூசியது எவ்வளவு மடத்தனம் என்று நெர்மீனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. “ஷெரீ, வாய்க்குள்ள இறங்குதுடி!” “தொடச்சே, கொன்னுடுவேன். மேக்கப் போயிடும்.” “விடியக்காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படலடி, பாவி!” “எந்தப் பல்லுல?” இருவருமே சிரிக்கவில்லை. துளி மேலுதட்டு விளிம்பில் தொங்கி நடுங்குகிறது. வெயில் தாடையைக் கடக்கிறது. பல் நுனியைத் தொட்டு அது அணையும்போதே, கீழே காவலாளியின் வானொலியில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி முழங்குகிறது. “பிஸ்மில்லாஹ்” என்று கண்களை மூடிக்கொண்டு காட்டேரி தன் ரத்தத்தை நக்குகிறாள். ஷெரீஹானின் விரல் அப்போதுதான் கேமராவின் பொத்தானை அழுத்துகிறது.