நாலு பேர் கொண்ட ஆய்வுக் குழு

"இந்தம்மா டீ குடிப்பாங்களா?"

டீக்காரர் கேட்டது தலைவரிடம். 'இந்தம்மா' டீக்காரரின் முழங்கையிலிருந்து இரண்டடி தூரத்தில், தன் மூன்று சக்கர மின்வண்டியில் உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு வேண்டாம்ப்பா. பழக்கமில்ல" என்றார் தலைவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பழக்கமெல்லாம் இருந்தது. கழிப்பறைக்குத்தான் மூன்று படி இருந்தது. காலையில் குடிக்கிற டீயை மாலை ஐந்து மணிவரை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் பதினோரு வருடமாக அலுவலகத்தில் அவளுக்கு டீ பழக்கமில்லை.

சக்கர நாற்காலிப் பயனாளிகள் நலச் சங்கத்தின் எழுத்தர் அவள். அந்த அலுவலகத்துக்குச் சக்கரத்தில் வந்துபோகிற ஒரே ஆளும் அவள்தான். நிர்வாகிகள் அனைவரும் நலத்தை நடந்தே செய்துவந்தார்கள்.

"அம்மா, வெளிநாட்டுலேர்ந்து அழைப்பு வந்திருக்கு" என்றார் தலைவர். "சக்கர நாற்காலியில வர்ற பயணிகளுக்கு அங்க விமானம், ரயில், ஓட்டல்ல எல்லாம் என்னென்ன வசதி இருக்குன்னு பத்து நாள் சுத்திப் பார்த்து அறிக்கை கொடுக்கணும். செலவு பூரா அவங்களோடது. படிவத்தை நிரப்பிடு. நான், என் வீட்டம்மா, மச்சான், பொருளாளர். நாலு பேர்."

அவள் விரல்கள் நின்றன. "சார், இந்தத் தடவை நானும் வரட்டுமா? பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு பக்கத்துலகூட முத்திரை விழல."

தலைவர் முகத்தில் கருணை பொங்கியது. மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்தவுடன் பொங்குமே, அதே கருணை.

"உன்னை எப்படிம்மா கூட்டிட்டுப் போறது? அங்க வசதி எப்படி இருக்குமோ, என்னவோ?"

"அதைப் பார்க்கத்தானே சார் போறீங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். முதல்ல நாங்க போய்ப் பார்த்துட்டு வந்துடறோம்."

"போன வருஷமும் பார்த்துட்டு வந்தீங்க. அதுக்கு முந்தின வருஷமும்."

"வசதிங்கறது மாறிக்கிட்டே இருக்கும்மா. விடாம கண்காணிக்கணும். எனக்கு மட்டும் ஆசையா என்ன, வீடு வாசலை விட்டுட்டு அலையறதுக்கு?"

அந்தத் தியாகத்துக்கு ஒரு நிமிட மௌனம் காத்தபின் அவள் படிவத்தைப் பார்த்தாள்.

"சார், ஒரு சிக்கல். சக்கர நாற்காலியில வர்றவங்களுக்குத்தான் எல்லாம் இலவசம்னு போட்டிருக்கு."

தலைவர் கண்ணை மூடினார். மனசாட்சியோடு பேச்சுவார்த்தை நடந்தது. அது சீக்கிரமே சுமுகமாக முடிந்தது.

"நாலு பேருக்கும் ஆமான்னு போடு. எனக்கும் முட்டி வலிக்குதில்ல?"

"உங்க மச்சானுக்கு?"

"அவனுக்கும் முட்டி இருக்குல்ல? வலிக்கும்."

"படி ஏற முடியுமான்னு கேட்டிருக்கு."

"முடியாது."

"சாப்பிட, குளிக்க, உடுத்திக்க உதவி தேவையா?"

"எல்லாத்துக்கும் தேவைன்னு போடும்மா. எவ்வளவு உதவி கேட்கிறமோ, அவ்வளவு பெரிய ரூம் கொடுப்பாங்க. போன தடவை ரூம்ல கட்டிலைச் சுத்தி வரவே இடமில்லன்னு வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டறா."

"கடைசியா ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு சார்."

"எதையாவது போட்டு அனுப்பு. இதுக்கெல்லாமா என்னைக் கேட்பாங்க?"

அவள் எதையோ போட்டு அனுப்பினாள்.

விமான நிலையத்தில் நாலு பேரும் நாலு சக்கர நாற்காலியில் வரிசையாக வீற்றிருந்தார்கள். தலைவரின் மனைவி கால் வைக்கும் பலகை எதற்கு என்று தெரியாமல் அதில் கைப்பையை வைத்திருந்தார். மச்சான் தாகம் தாங்காமல் எழுந்து, விறுவிறுவென்று கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்து மறுபடி உட்கார்ந்தான். அதிசயத்தைக் கண்ட நாற்காலி தள்ளுகிறவர் அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

"ஆடாம உட்காருடா!" தலைவர் பல்லைக் கடித்தார். "பொய்னு தெரிஞ்சா மொத்தக் குழுவையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

பயணிகளைக் கவனிக்கும் அதிகாரி கையில் பட்டியலோடு வந்தாள். தலைவர் தன் பொதுக்கூட்டப் புன்னகையை வழங்கினார். அவள் அதைக் கடந்து பின்னால் தேடினாள்.

"நாலு பேருமே சொந்தமா எதுவும் செஞ்சுக்க முடியாதவங்கன்னு போட்டிருக்கு. உதவியாளர் இல்லாம ஏத்த மாட்டோம். இந்த மாதிரிப் பயணத்துல நேரடி அனுபவம் உள்ளவங்களா இருக்கணும்னு விதி. எங்க அவங்க?"

"உதவியாளரா?" என்றார் தலைவர்.

பின்னால் மெல்லிய மோட்டார் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றாள் எழுத்தர், மடியிலிருந்த முத்திரை விழாத பாஸ்போர்ட்டை நீட்டியபடி. "சக்கரத்துல பதினெட்டு வருஷ அனுபவம்."

"நீயா!" தலைவர் துள்ளி எழப்போனார். பொருளாளர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"கடைசிக் கட்டம் சார். எதையாவது போடச் சொன்னீங்களே!"

அதற்குள் டீ வண்டி வந்து நின்றது. அதிகாரி தலைவருக்கு மேலாகக் குனிந்து எழுத்தரிடம் கேட்டாள்: "இவர் டீ குடிப்பாரா?"

தலைவர் ஆவலாக வாயைத் திறந்தார்.

எதிரே இருந்த, ஒரு படிகூட இல்லாத கழிப்பறை வாசலை எழுத்தர் ஆசைதீர ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் ஒண்ணு கொடுங்க. அவருக்கு வேண்டாம், பழக்கமில்ல."