சட்டையில் தாழம்பூ

“கிட்ட வாங்க,” என்றாள் அவள். கஞ்சிக் கிண்ணத்தோடு அவன் கட்டிலருகே குனிந்தான். அவள் அவனது சட்டைக் காலரைப் பற்றி இழுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

சற்றுமுன்வரை அந்த முகம் மலர்ந்துதான் இருந்தது. அவன் கன்னத்தில் பூசியிருந்த ஷேவிங் லோஷனின் மணம் அவனுக்கு முன்னதாகவே அறைக்குள் புகுந்து, ‘அவர் வந்தால்தான் உண்பேன்’ என்று காலைமுதல் பட்டினி கிடந்தவளை எழுந்து உட்காரச் செய்திருந்தது. இப்போது முகர்ந்த மாத்திரத்தில் வாடியது பூவன்று, அவள் முகம்.

“தாழம்பூ அத்தர். மறுபடியும் அவ வீட்டுக்குப் போயிருக்கீங்க.”

அவன் திடுக்கிட்டுத் தன் தோளை முகர்ந்து பார்த்தான். வழக்கமானவை சலவைக்குப் போயிருந்ததால், பெட்டியின் அடியில் கிடந்த இந்த வெளிர்நீலச் சட்டையை அன்றுதான் எடுத்து உடுத்தியிருந்தான். தோளில் தொளதொளத்த அந்தச் சட்டையின் மடிப்பில், ஆம், ஒரு பூமணம் ஒளிந்திருந்தது.

“இந்தா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு வாய் சாப்பிடு.”

“ஆபீஸ்ல வேலை முடியலன்னு சொன்னீங்க. உங்க ஆபீஸ்ல ஃபைலுக்கெல்லாம் அத்தர் பூசித்தான் அடுக்குவாங்களோ? நான் என்ன மூக்கில்லாமப் பொறந்தவளா?”

எதிர்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. சன்னலைச் சாத்தவும் அவனுக்குக் கூசியது, சாத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவள் ஓயவில்லை. அந்தத் தாழம்பூ அத்தர்க்காரி குடியிருந்த தெருவை, அவள் வாசலில் தொங்கிய பச்சைத் திரையை, அங்கே கழிந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன் வைத்தாள். அவன் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்குப் பாட வரும். எனக்கு வராது. அதானே?” என்றபோது மட்டும் அவள் குரல் தாழ்ந்தது.

கரண்டியை நீட்டினான். உதடுகள் இறுகிக்கொண்டன. வெறும் வயிற்றில் மாத்திரை கொடுக்கலாகாது என்றும், இன்று மாத்திரை தவறினால் நெஞ்சு தாங்காது என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கஞ்சி ஆறி ஆடை கட்டிற்று.

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

“தப்புதான். மன்னிச்சிடு.”

சொல்லி முடிப்பதற்குள் காதுமடல்வரை எரிந்தது. இறைவன் சந்நிதியில்கூட அவன் இத்தனை குனிந்து நின்றதில்லை.

அவள் நெடுநேரம் அவனையே பார்த்திருந்தாள். பிறகு, அந்த ஒரு சொல்லுக்காகவே ஓர் ஆயுள் முழுதும் காத்திருந்தவள்போல் வாயைத் திறந்தாள். கண்ணீரும் கஞ்சியுமாகக் கிண்ணம் ஒழிந்தது. மாத்திரையும் உள்ளே இறங்கியது.

“ஒண்ணே ஒண்ணு,” என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம பையன் காதுல மட்டும் இது விழக் கூடாதுங்க. அப்பான்னா அவனுக்கு உசுரு.”

அவன் தலையசைத்தான். அதற்குமேல் அங்கே நிற்க மாட்டாமல் குளியலறைக்குள் புகுந்து, சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினான். லோஷனின் மணம் துளியும் எஞ்சாதபடி கன்னங்களைச் சோப்பிட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தன் பழைய பனியனை மாட்டிக்கொண்டு, அவளுடைய தலையணையைச் சரிசெய்யத் திரும்பி வந்தான்.

அவள் அவனைப் புதிதாய்ப் பார்ப்பவள்போல் பார்த்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். தன் ஈரக் கன்னத்தைத் தொட்டு, விரல் நுனியை உற்று நோக்கினாள்.

மெல்ல மெல்ல அந்த முகத்தில் அச்சம் படர்ந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியபடியே கேட்டாள்:

“எப்ப வந்தே தம்பி? உங்கப்பாவைப் பத்தி நான் எதுவும் உளறிடலையே?”